கருவிக்கும் பட்டம் உண்டு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நெல்லுக்கும் பயறுக்கும் சொன்ன வாக்கு. காவிரிப் படுகையில் அது வீட்டுக்குள் இருக்கிற ஃப்ரிட்ஜுக்கும் போனுக்கும் இன்வெர்ட்டருக்கும்கூடப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு மின்கருவியின் ஆயுள் வயலோடும் வானத்தோடும் கட்டப்பட்டிருக்கிறது. எத்தனை மோட்டார் ஓடுகிறது, காற்று எப்போது கிளம்புகிறது, மழை எந்த மாதம் இறங்குகிறது என்பவைதான் அதை நிர்ணயிக்கின்றன. போன் வாங்கப் போனால் கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கடைக்காரரை அரைமணி நேரம் துளைக்கிறோம். அதைச் செருகப்போகிற பிளக் பாயிண்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று ஒருநாளும் பார்ப்பதில்லை.

சித்திரை, வைகாசியிலிருந்து ஆரம்பிக்கலாம். மேட்டூர் திறப்பதற்கு மரபாகச் சொல்லும் நாள் ஜூன் 12. போர்வெல் வைத்திருக்கிற குறுவைக்காரர்கள் அதுவரை காத்திருக்காமல் நாற்றங்காலை முன்கூட்டியே விட்டுவிடுவார்கள். மும்முனை மின்சாரம் வந்த நிமிடத்தில் அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ந்த மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். ஒரு 5 எச்பி மோட்டார் ஒவ்வொரு ஃபேஸிலும் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். கிளம்புகிற நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. 63 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஃபேஸில் தாங்குவது 85 ஆம்பியர் சுற்றுத்தான். பன்னிரண்டு மோட்டார் ஓடினால் வீடுகளுக்கு என்ன மிஞ்சும்? லைனின் கடைசியில் இருக்கிற தெருவில் 230 வோல்ட் எட்டிப் பார்க்காது. 170, 160 என்று இறங்கி நிற்கும். மும்முனை இல்லாத நேரத்தில் கண்டென்சர் வைத்து இரண்டு ஃபேஸில் மோட்டார் ஓட்டுகிற பழக்கமும் இருக்கிறது. அது மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற செம்புக் கம்பியான காயிலையும் சூடாக்கும், அந்த ஃபேஸில் இருக்கிற வீடுகளின் வோல்டேஜையும் இன்னும் கீழே இழுக்கும்.

இதில் போன் சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது. அதன் முதுகில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று இருக்கும். 150 வந்தாலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். லேப்டாப், எல்இடி டிவி பெரும்பாலும் அப்படித்தான். அடிபடுவது மோட்டார் வைத்த பொருள்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம், சில நொடி முனகல், மறுபடி 'டிக்' என்று கேட்டால், கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் திணறுகிறது, ஓவர்லோட் ரிலே அதை நிறுத்துகிறது என்று அர்த்தம். ராத்திரி முழுக்க இது நடந்தால் காயில் கருகும். சத்தம் கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் இருக்கிற தோசை மாவு புளிப்பது பரவாயில்லை. கம்ப்ரசர் மாற்றுகிற செலவு வேறு கணக்கு.

ஸ்டெபிலைசர் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள். பிளக்கில் செருகுகிற சின்ன டிஜிட்டல் வோல்ட்மீட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கும். காலை ஆறு மணி, சாயங்காலம் ஏழு மணி, ராத்திரி பத்து மணி என்று மூன்று வேளை எண்ணைக் காலண்டர் தாளிலேயே குறித்து வையுங்கள். 207-லிருந்து 253-க்குள் ஆடினால் ஸ்டெபிலைசரே தேவையில்லை. இப்போது வரும் ஃப்ரிட்ஜ்கள் அதைத் தாங்கும். 160-க்குக் கீழே இறங்கினால் சாதாரண ஸ்டெபிலைசர் போதாது. 130 அல்லது 90 வோல்ட்டிலிருந்து தூக்கிக் கொடுக்கிற டபுள் பூஸ்டர் வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எந்த வோல்ட்டிலிருந்து வேலை செய்யும், எந்த வோல்ட்டுக்கு மேல் போனால் தானாக அறுத்துவிடும்? கரண்ட் போய் வந்ததும் மூன்று நிமிடம் பொறுத்து இணைக்கிற வசதியும் இருக்க வேண்டும். கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமன்பட அந்த நேரம் தேவை.

இந்த வோல்டேஜுக்கு என்றே செய்ததுபோல் ஒரு பொருள் வந்திருக்கிறது என்றால் அது பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன்தான். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் சுற்றில் ஓடும். மின்சாரச் சேமிப்பை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: வோல்டேஜ் இறங்கினால் பழைய ஃபேன் ஊர்ந்துவிடும், இது 140-லும் அதே வேகத்தில் சுற்றும். வைகாசிப் புழுக்கத்தில் அந்த வித்தியாசம் தூக்கத்தின் வித்தியாசம். ஒரு குறை, உள்ளே எலெக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. அது எதற்குப் பயப்படும் என்று ஆடி மாதத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ. வாங்கியபோது கம்ப்யூட்டருக்காக யுபிஎஸ் பக்கம் தள்ளியிருப்பார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அந்த நிலையில் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே வந்தாலே இன்வெர்ட்டர் கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடும். கோடையில் கடைக்கோடித் தெருக்களில் இதன் விளைவு மோசம். சாயங்காலம் முழுக்க வீடு பேட்டரியில் ஓடும், சார்ஜ் ஏறாது, நள்ளிரவில் நிஜமாகவே கரண்ட் போகும்போது பேட்டரி காலியாக இருக்கும். பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கிவிடுவார்கள். அந்த ஸ்விட்சை நார்மலுக்குத் தள்ளினால் 100 வோல்ட் சுற்று வரை அது லைனிலேயே இருந்து சார்ஜ் ஏற்றும். புது பேட்டரிக்குப் பணம் எடுக்கும் முன் முதலில் அந்த ஸ்விட்சைப் பாருங்கள்.

பேட்டரித் தண்ணீர் பற்றி இரண்டு வரி. கோடையில் மாதம் ஒருமுறை மிதவைக் குச்சிகளைப் பார்க்க வேண்டும். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்ஓ தண்ணீர் குடிக்கச் சுத்தமானது, பேட்டரிக்குச் சுத்தமானது இல்லை. அதில் மிஞ்சியிருக்கிற உப்பும் குளோரைடும் தகட்டைத் தின்னும். முழு சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். காலியான பேட்டரியில் விளிம்பு வரை ஊற்றினால், சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கித் தரையில் வழியும்.

வயலுக்குப் போய்விட்ட டிஜிட்டல் கருவி என்றால் மொபைல் ஸ்டார்ட்டர். மோட்டார் கொட்டகைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து நடந்த காலத்தை அது மாற்றியது. மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், மறுபடி கொடுத்தால் நிற்கும். ஒரு ஃபேஸ் போனால் தானே நிறுத்தித் தகவல் அனுப்பும். இது பழுதாகிவிட்டது என்று கழற்றிக் கொண்டுவருவதில் நிறைய கேஸ் சிம் பிரச்சினைதான். பல ஸ்டார்ட்டர்கள் 2ஜி-யில் மட்டும் வேலை செய்பவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் ஒருநாளும் சிக்னல் எடுக்காது. மற்ற சிம்மாக இருந்தாலும் ரீசார்ஜ் காலம் முடிந்தால் உள்வரும் அழைப்பு நின்றுவிடும், மோட்டார் மௌனமாகிவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் 4ஜி உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. ஆட்டோ முறையில் வைத்திருந்தால் கரண்ட் வந்த உடனே மோட்டார் தானாகக் கிளம்பும். பெல்ட்டையோ வயரையோ தொடுகிற வேலை எதுவாக இருந்தாலும் மெயின் ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் கைவைக்க வேண்டும். போனில் ஆஃப் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கம்பிக்கு எம்மாத்திரம்? தென்னை மட்டை விழும், கம்பிகள் ஆடி ஒன்றோடொன்று உரசும், டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போகும். அது சின்னச் சங்கடம். பெரிய ஆபத்து, நியூட்ரல் கம்பி அறுவது. வீட்டுக் கருவிகளைக் கூட்டமாகக் கொல்வது மின்னலை விட இதுதான். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தெருக் கம்பத்தில் மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் போகிறது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே 400-க்கு மேல். உங்கள் வீடு ஒரு ஃபேஸில், எதிர்வீடு வேறு ஃபேஸில், இரண்டுக்கும் நியூட்ரல் பொது. அந்த நியூட்ரல் கம்பத்தில் அறுந்தால், அல்லது துருப்பிடித்த இணைப்பு தளர்ந்தால், உங்கள் வீடும் எதிர்வீடும் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. அதிகச் சுமை ஓடுகிற வீட்டுக்குக் குறைந்த வோல்டேஜ், குறைந்த சுமை இருக்கிற வீட்டுக்கு அதிக வோல்டேஜ். எதிர்வீட்டில் ஏசி ஓடுகிறது, உங்கள் வீட்டில் ஒரு பல்பும் டிவியும் மட்டும் என்றால் 300, 350 வோல்ட் உங்கள் பக்கம் வரும்.

230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரிக் கணக்கு; அலையின் உச்சி 325. சார்ஜர், டிவி, பிஎல்டிசி ஃபேன், எல்இடி பல்பு எல்லாவற்றின் வாசலிலும் அந்த உச்சியைத் தேக்கி வைக்கிற ஒரு கெபாசிட்டர் உண்டு, பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் தாங்குவது. லைனில் 350 வந்தால் உச்சி 495. கெபாசிட்டர் உப்பி வெடிக்கும், போர்டு கருகும், அந்த மணம் வீடு முழுக்க நிற்கும். ஒரே நிமிடத்தில் டிவி, செட்டாப் பாக்ஸ், ரௌட்டர், இரண்டு சார்ஜர் போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் நியூட்ரலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இது வருவதற்கு முன் அடையாளம் காட்டும். பல்பு திடீரென்று பளீரென எரியும், ஃபேன் வேகமெடுக்கும். எங்கோ ஒரு வீட்டில் மிக்சி போட்டால் இங்கே வெளிச்சம் கூடும் அல்லது குறையும். ஒரு வீட்டில் பிரகாசம், பக்கத்து வீட்டில் மங்கல். பார்த்த நொடியில் மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். டிவியை மட்டும் அணைத்தால், வீட்டின் சுமை இன்னும் குறைந்து மிச்சமிருக்கிற பொருளுக்கு வோல்டேஜ் ஏறும். பிறகு அக்கம்பக்கத்துக்குக் குரல் கொடுத்து அவர்களையும் இறக்கச் சொல்லுங்கள். லைன்மேனுக்கோ, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்கோ அழைத்து 'நியூட்ரல் போயிருக்கு' என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திச் சொல்லுங்கள். 'கரண்ட் சரியில்லை' என்றால் வரிசையில் நிற்கும். நியூட்ரல் என்றால் அவசரம் புரியும்.

ஸ்டெபிலைசர் இதிலிருந்து முழுதாகக் காப்பாற்றாது. அதுவும் சேர்ந்து போகலாம். மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் என்று விரல் நீளப் பெட்டி ஒன்றை எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டலாம். வோல்டேஜ் சுமார் 270-ஐத் தாண்டினால் ஒரு நொடிக்குள் வீட்டையே துண்டித்து, சரியான பிறகு தாமதித்து இணைக்கும். வீட்டின் மெயினுக்கு ஏற்ற ஆம்பியரில், 40 அல்லது 63, வாங்க வேண்டும். டெல்டாவில் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு மின்பாதுகாப்புப் பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்து உயிரைக் காக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஏற்கனவே போர்டில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அது இல்லையென்றால் அதுதான் முதலில்.

நியூட்ரல் போன நேரத்தில் எர்த் கம்பியை நியூட்ரலாக மாட்டி விளக்கு எரிய வைக்கிற வித்தை ஒன்று ஊர்களில் நடக்கிறது. தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். எர்த் கம்பி எங்காவது தளர்ந்தால் அந்த வீட்டின் ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் என எல்லா இரும்பு உடம்பிலும் கரண்ட் ஏறி நிற்கும். ஈரக் கையோடு கதவைத் திறக்கிறவர் யாராகவும் இருக்கலாம்.

எர்த் பற்றிப் பேசும்போது லேப்டாப்பின் அலுமினிய உடம்பைத் தடவினால் சுருசுருவென்று இருக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். சார்ஜரின் உள்ளே இரைச்சலை வடிகட்டுகிற சின்னக் கெபாசிட்டர் வழியாகக் கசிகிற மைக்ரோ ஆம்பியர்கள் அவை. எர்த் இல்லாத பிளக்கில் போக வழியில்லாமல் உங்கள் விரலைத் தேடுகின்றன. பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் மூன்று முள் பிளக் போட்டும் சுருசுருத்தால் அந்த வீட்டில் எர்த் வேலை செய்யாமல் இருக்கலாம், சோதிக்க வேண்டும். நம்முடைய களிமண் ஈரம் இருக்கும்வரை நல்ல எர்த் கொடுக்கும். சித்திரையில் வெடித்துப் பாளம் பாளமாகும்போது எர்த் குழாயைச் சுற்றி மண் விலகிவிடும். அந்த மாதங்களில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அங்கே ஊற்றுவது வீண் வேலை இல்லை.

இடிமழைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். ஸ்விட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது. டிவிக்குக் கரண்ட் வழியை அடைத்துவிட்டு டிஷ் கேபிளையோ ஊர்க் கேபிளையோ மாட்டியே வைத்தால் பின்வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி இழை இன்டர்நெட்டில் மின்சாரம் வராது. அதன் பெட்டிக்குப் போகிற அடாப்டரில் வரும்.

இனி தண்ணீர். நெற்களஞ்சியத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: நனைந்த போனை அரிசிக்குள் போடாதீர்கள். அரிசி ஈரத்தை இழுக்கிற வேகம், திறந்த காற்றில் தானாகக் காய்கிற வேகத்தை விடப் பெரிதில்லை. தவிடும் மாவும் சார்ஜிங் ஓட்டைக்குள் போய் ஈரத்தோடு களியாகும். ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் அரிசிப் பையில் போட வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறது.

போனை உண்மையில் கெடுப்பது தண்ணீர் மட்டும் இல்லை. அதில் கரைந்திருக்கிற உப்பும், உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற பேட்டரி மின்சாரமும் சேர்ந்து செம்பை அரிக்கின்றன. யூரியாவும் பொட்டாஷும் போட்ட வயல் தண்ணீர் மழைத் தண்ணீரை விட மோசம். வேதாரண்யம், நாகூர்ப் பக்கத்துக் கடல் தண்ணீர் அதைவிட மோசம். ஆகவே முதல் வேலை அணைப்பது. ஆன் ஆகிறதா என்று போட்டுப் பார்ப்பதுதான் நிறைய போன்களை முடித்துவைக்கிறது. சிம் தட்டைக் கழற்றி, சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, ஃபேன் காற்றில் சாய்த்து வையுங்கள். வெயிலில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். தண்ணீரைத் தாங்கும் என்று ஐபி68 தகுதி பெற்ற போன் உப்புத் தண்ணீரில் விழுந்தால், அணைத்த பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுவது சரி. அந்தத் தகுதி இல்லாத போன் வயலிலோ கடலிலோ விழுந்தால் அன்றைக்கே திறந்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் போர்டைக் கழுவச் சொல்ல வேண்டும். நாலு நாள் கழித்துக் கொண்டுபோனால் பச்சை பூத்திருக்கும். ஐபி68 என்ற எண்ணையும் அளவோடு நம்புங்கள்: அது புது போனுக்கு, நல்ல தண்ணீரில், நிறுவனம் சொன்ன ஆழத்தில், நேரத்தில் செய்த சோதனை. இரண்டு முறை கீழே விழுந்து ஓரத்தில் இடைவெளி விட்ட போனுக்கு அது பேசாது.

மார்கழிப் பனிக்கும் இதே இயல்புதான். வாசல் சுவரில் இருக்கிற ஸ்விட்ச் போர்டு, மாடியில் இருக்கிற கேமரா, இன்வெர்ட்டரின் காற்றுத் துளை ஆகியவற்றில் ஈரமும் எறும்பும் பல்லியும் ஒன்றாகக் குடியேறும். பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே படுத்தால் இன்வெர்ட்டர் போர்டே போகும். துளைகளுக்கு உட்பக்கமாக நைலான் கொசுவலைத் துண்டு ஒட்டினால் போதும், மாதம் ஒருமுறை தூசி தட்ட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய பட்டம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் ஒரு ராத்திரிக்குச் செய்த பொருள். அந்த நாட்களுக்கு வேறு கணக்கு வேண்டும். புரட்டாசி கடைசியிலேயே அந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

பவர் பேங்க்கில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கும். உங்கள் போன் 5,000. அப்படியானால் இரண்டு முறை ஏற்றலாம் என்று தோன்றும், ஏற்ற முடியாது. அந்த 10,000 உள்ளே இருக்கிற செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்னது, அதாவது 37 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம், கேபிளில் கொஞ்சம், போன் சூடாவதில் கொஞ்சம் என்று போய் 26, 27 வாட்-மணிதான் போனின் பேட்டரிக்குள் சேரும். 5,000 எம்ஏஎச் போனுக்கு வேண்டியது 19 வாட்-மணி. ஆக ஒன்றரை முறைக்குக் கொஞ்சம் கீழே. பெட்டியில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று 6,000 சுற்றில் ஓர் எண் இருக்கும், அதுதான் நேர்மையான எண். அந்த எண்ணே இல்லாத பவர் பேங்க்கை வாங்க வேண்டாம். முதுகில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் முத்திரையோடு 'ஆர்-' என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

வாங்கியதை முழு சார்ஜில் பீரோவுக்கு மேல் போட்டு வைப்பது அதைக் கொல்வதற்கான வழி. 40 டிகிரி வெக்கையில் முழு சார்ஜோடு ஓராண்டு கிடக்கிற லித்தியம் செல் தன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். 40 சதவீத சார்ஜில் கிடந்தால் இழப்பு பாதிக்கும் கீழே. கோடை முழுக்கப் பாதி சார்ஜில் வைத்திருந்து, புரட்டாசியில் நிரப்பிக்கொள்ளலாம். ஷீட் கூரைக்குக் கீழே உச்சிவேளையில் போனை சார்ஜ் போடுவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கலாம். விடியற்காலை சார்ஜ், மண் பானைத் தண்ணீர் போல. இரண்டுக்கும் குளிர்ச்சிதான் குணம்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்குப் புயல் நாட்களில் ஒரு நுணுக்கம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் கைக்கு வருவது 1,100 வாட்-மணி அளவு. பழைய ஃபேன் இரண்டும் விளக்குகளும் ஓடினால் ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு போனுக்கு மட்டும் வைத்தால் நாற்பது முறை ஏற்றலாம். ஆனால் இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே தன் வயிற்றுக்கு 15, 20 வாட் சாப்பிடும். ஒரு நாளைக்கு 400 வாட்-மணி சுற்றில் போய்விடும். இரண்டரை நாளில் ஒரு போனும் ஏற்றாமலே பேட்டரி காலி. அதனால் முன்பக்க பட்டனில் முழுதாக அணைத்து வைத்திருந்து, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் போட்டு, வீட்டு போன்கள், பக்கத்து வீட்டு போன்கள், டார்ச், பவர் பேங்க் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிவிட்டு மறுபடி அணைக்க வேண்டும். டிராக்டர் இருந்தால் அதன் 12 வோல்ட் பேட்டரியில் காருக்கான யுஎஸ்பி சார்ஜரைக் கிளிப் வைத்து மாட்டலாம். சிவப்பு பாசிட்டிவில், நடுவே ஒரு ஃபியூஸ். பத்துப் பன்னிரண்டு போனோடு நிறுத்திக்கொண்டு ஒருமுறை எஞ்சினை ஓட்டிவிட்டால் மறுநாள் டிராக்டர் கிளம்பும்.

ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் பின்வழியாகச் செருகி வீடு முழுக்க விளக்கு எரிய வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெயின் இறங்கியிருக்காவிட்டால் அந்தக் கரண்ட் கம்பத்துக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக அறுந்த கம்பியில் நிற்கும். நமக்குக் கரண்ட் கொடுக்க வந்த லைன்மேன் அங்கே கைவைப்பார். லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் வீட்டு வயரிங்கைத் தொடவே கூடாது. ஜங்ஷன் பாக்ஸை நேராக ஜெனரேட்டரில் மாட்டி அதில் போன் போடுங்கள்.

செல்போன் கோபுரங்களின் பேட்டரியும் சில மணி நேரத்துக்குத்தான். டீசல் வராவிட்டால் சிக்னல் போகும். சிக்னல் இல்லாத போன் கோபுரத்தைத் தேடித் தேடி ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கும். சும்மா வைத்திருந்தாலே பேட்டரி இறங்குவது அதனால்தான். ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டு, காலை எட்டு மணி, சாயங்காலம் ஆறு மணி என்று வெளியூர்ச் சொந்தங்களிடம் முன்பே சொல்லி வைத்த நேரத்தில் மட்டும் அந்த மோடை எடுத்துவிடுங்கள். பேச்சு போகாத சிக்னலில் எஸ்எம்எஸ் போகும். பேரிடர் நேரத்தில் ஒரு நிறுவனத்தின் சிம் இன்னொரு நிறுவனத்தின் கோபுரத்தில் ஏற அனுமதிக்கிற ஏற்பாடு உண்டு. அப்படி அறிவித்தால் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து, கிடைப்பதில் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எஃப்எம் உள்ள பழைய பட்டன் போன் ஒன்று வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பல போன்களில் வயர் இயர்போனைச் செருகினால்தான் ஆண்டெனா கிடைக்கும். காரைக்கால் பண்பலை 100.3-இல் இருக்கிறது. புயல் வருவதற்கு முன், நெட் இருக்கும்போதே பட்டா, சிட்டா, பயிர்க் காப்பீட்டு ரசீது, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து இரண்டு போனில் வையுங்கள். கையில் நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணமும். கோபுரம் சாய்ந்தால் ஜிபே வேலை செய்யாது.

புதுக் கம்பம் நட்டு லைன் இழுத்துக் கரண்ட் விடுகிற நாள்தான் கருவிகளுக்கு மிகவும் ஆபத்தான நாள். அவசரமாகப் போட்ட இணைப்பில் நியூட்ரல் சரியாக இறுகாமல் இருக்கலாம், ஃபேஸ் மாறி வந்திருக்கலாம். தெரு முழுக்கச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடும். புயலன்றே மெயினை இறக்கி, எல்லா பிளக்கையும் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறிய ஸ்விட்ச் போர்டு இருந்தால் அதைத் திறந்து, சேற்றைக் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகு எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைத் தூக்கவே கூடாது. மற்ற வீடுகளில் கரண்ட் வந்து கால் மணி நேரம் போகட்டும். பிறகு மெயினைத் தூக்கி, விலை குறைந்த பல்பு ஒன்றை மட்டும் போடுங்கள். வோல்ட்மீட்டரில் 200-க்கும் 250-க்கும் நடுவே எண் ஆடாமல் நிற்கிறதா, எதிர்வீட்டில் மோட்டார் போடும்போது நம் பல்பு பிரகாசமாகாமல் இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். அடுத்து ஃபேன், அதற்குப் பிறகு இன்வெர்ட்டர், டிவி. ஃப்ரிட்ஜ் கடைசி.